கூட ஆள் உண்டா?

திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒருவரைச் சேர்க்கப் போனால் பெயர், வயது, ஊர் எல்லாம் கேட்ட பிறகு வரும் கேள்வி, "பைஸ்டாண்டர் ஆரா?" என்பது. நோயாளியோடு கூடத் தங்குபவருக்குக் கேரளம் முழுக்க வழங்கும் பெயர் பைஸ்டாண்டர். மருந்துச் சீட்டோடு மருந்துக்கடைக்கு ஓடுவதும், ரத்தக் குப்பியை லேபில் கொண்டுபோய்க் கொடுப்பதும், ஃபிளாஸ்கில் வெந்நீர் வாங்கி வருவதும், ராத்திரி கட்டிலுக்கு அடியில் பாய் விரித்து அரைத்தூக்கம் தூங்குவதும் அவர் வேலை. மார்த்தாண்டத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் அந்த மருத்துவமனைக்குப் போய்ப் பழகிய குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தச் சொல் நன்றாகத் தெரியும். பைஸ்டாண்டர் இல்லாமல் அங்கே படுப்பது பெரும்பாடு.

முதியோர் இல்லம் ஒன்றிலிருந்து இடுப்பெலும்பு முறிந்து வரும் மூதாட்டியிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? இல்லத்தின் ஊழியர் ஒருவர் வந்து நிற்பார். அவர் இங்கே நின்றால் இல்லத்தில் இருக்கும் மற்றவர்களுக்கு ஆள் குறையும். சில நேரம் தன்னார்வலர் ஒருவர் முறை வைத்து உட்காருவார். சில நேரம் பக்கத்துக் கட்டில்காரியின் மகளே இவருக்கும் சேர்த்து ஓடுவாள். சிகிச்சை முடிந்தும் அழைத்துப்போக ஆள் வராமல் வார்டிலேயே தங்கிவிட்ட முதியவர்களைப் பற்றிய செய்திகள் அந்த நகரத்தில் புதிதல்ல.

முதியோர் இல்லத்தைப் பற்றிப் பேச இந்தப் பைஸ்டாண்டர் கேள்விதான் சரியான வாசல் என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் வழக்கமாக நுழையும் வாசல் வேறு. பெற்ற பிள்ளைகள் எப்படி விட்டுப்போனார்கள், பத்து மாதம் சுமந்தவளுக்கு இந்தக் கதியா என்று தொடங்குகிறோம். கண் கலங்குகிறது. கலங்கியதோடு பேச்சும் முடிந்துவிடுகிறது. அந்த வீட்டுக்குள் இருப்பவர் நாளை காலை எத்தனை மணிக்கு எழுப்பப்படுவார், கழிவறைக்குக் கை கொடுப்பது யார், வலி வந்தால் என்ன மருந்து கிடைக்கும் என்று யாரும் கேட்பதில்லை. இல்லத்தைப் பாசக்குறைவின் சின்னமாக மட்டும் பார்த்ததால்தான் அதற்குள் நடக்கும் வாழ்க்கை நம் கண்ணில் படாமலே போயிற்று.

கேரளம் இந்தியாவிலேயே மூத்த மாநிலம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் அறுபது வயது கடந்தவர்கள் நூற்றுக்கு 8.6 பேர், கேரளத்தில் 12.6 பேர். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2021 அறிக்கை அதை 16.5 என்று மதிப்பிட்டது. 2031இல் 20.9 ஆகும் என்பது அதே அறிக்கையின் கணிப்பு. ஐந்தில் ஒருவர் முதியவர். பிள்ளைப்பேறு குறைந்ததும் ஆயுள் கூடியதும் சேர்ந்து செய்த வேலை இது. 1980களின் இறுதியிலேயே கேரளத்துப் பெண்கள் சராசரியாக இரண்டு குழந்தைகளோடு நிறுத்திக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். பள்ளிக்கூடம், தாய்சேய் நலம், தடுப்பூசி என்று நாம் பாராட்டும் கேரளத்தின் சாதனைகள்தாம் இந்த முதுமையையும் கொண்டுவந்தன. நன்றாக வாழ்ந்த சமூகம் முதுமையடைகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஆயுளைக் கூட்டிய அரசும் சமூகமும் அந்தக் கூடுதல் ஆண்டுகளில் கூட இருக்கப்போவது யார் என்பதை உரிய நேரத்தில் யோசிக்கவில்லை.

முதியவர்கள் தனித்துப்போவதற்கு இரண்டாவது காரணம் வெளிநாடு. திருவனந்தபுரத்தில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்தில் கே. சி. சக்கரியாவும் எஸ். இருதயராஜனும் 1998இல் தொடங்கிய கேரள இடப்பெயர்வு ஆய்வு இன்றும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. இந்தியாவில் வேறெந்த மாநிலமும் தன் மக்கள் எங்கே போனார்கள் என்பதை இவ்வளவு காலம் விடாமல் எண்ணிப் பார்த்ததில்லை. 2023 சுற்றின்படி வெளிநாட்டில் இருக்கும் மலையாளிகள் சுமார் 22 லட்சம். அந்த எண்ணிக்கையைவிட என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது மாணவர்களின் கணக்கு. 2018இல் சுமார் 1.29 லட்சமாக இருந்த மாணவர் இடப்பெயர்வு ஐந்தே ஆண்டில் இரண்டரை லட்சத்தைத் தொட்டுவிட்டது. வளைகுடாவுக்குப் போனவர் வேலை முடிந்ததும் திரும்பியாக வேண்டும், அங்கே குடியுரிமை கிடையாது. கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் படிக்கப் போகிறவர்களில் பலர் திரும்பி வரும் எண்ணத்தோடு போவதில்லை. வளைகுடாப் பணத்தில் கட்டிய வீடுகளில் ஐந்து படுக்கையறை இருக்கும், இருவர் இருப்பார்கள், பிறகு ஒருவர். அந்த ஒருவர் பெரும்பாலும் பெண்.

இது திடீரென்று முளைத்த கவலையும் இல்லை. திருவனந்தபுரம் பூஜப்புரையில் வாழ்ந்த இயக்குநர் பத்மராஜன் 1985லேயே 'திங்களாழ்ச்ச நல்ல திவசம்' என்று ஒரு படம் எடுத்தார். கவியூர் பொன்னம்மா அதில் தாய். வீட்டை விற்றுவிட்டு அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கலாம் என்று மகன் முடிவெடுப்பதுதான் கதை. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே மலையாளிகள் திரையரங்கில் உட்கார்ந்து இதற்கு அழுதிருக்கிறார்கள். அழுதவர்களில் பலர் இன்று அந்தத் தாயின் வயதில் இருப்பார்கள்.

அரசு முதியோர் இல்லங்களில் ஒன்று திருவனந்தபுரத்தில், ஆக்குளம் பக்கத்துப் புலயனார்கோட்டையில் இருக்கிறது. மாநிலச் சமூக நீதித் துறை நடத்துவது. அரசு இல்லத்துக்கு வருபவர்கள் கையில் காசும் ஆதரவும் இல்லாதவர்கள். தொண்டு அமைப்புகளும் சபைகளும் நடத்தும் இல்லங்கள் வேறு வகை. முன்பணமும் மாதக் கட்டணமும் வாங்கி ஓய்வுபெற்ற அதிகாரிகளையும் ஆசிரியர்களையும் சேர்க்கும் தனியார் இல்லங்கள் மூன்றாம் வகை. இவை எல்லாவற்றையும் தட்டிக் கேட்க நீண்ட காலம் கேரளத்தில் இருந்தது அனாதை இல்லங்களுக்கான கட்டுப்பாட்டு வாரியம். 1960ஆம் ஆண்டின் அனாதை இல்லங்கள் மற்றும் பிற அறநிலையங்கள் சட்டம் அதற்கு அடிப்படை. முப்பது ஆண்டு தலைமையாசிரியையாக இருந்த ஒருவர் தன் ஓய்வூதியத்தில் மாதம் தவறாமல் பணம் கட்டித் தங்கும் இடத்தைச் சட்டம் அனாதை விடுதிக்குப் பக்கத்தில் வைத்து எண்ணியது. அதிகாரி ஆய்வுக்கு வந்தால் கட்டில் எத்தனை, கழிவறை எத்தனை, சமையலறை சுத்தமா என்று பார்ப்பார். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர் என்பதைக் கறாராகக் கேட்டிருந்தால் பல இல்லங்கள் தேறியிருக்காது.

இல்லவாசியின் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கும், அல்லது ஜிப் பழுதான ஒரு பை. உள்ளே ஒரு பிளாஸ்டிக் கவரில் ஆதார், ரேஷன் கார்டின் நகல், வங்கிப் பாஸ்புக், பழைய எக்ஸ்ரே. துணைவரின் ஒரு சிறு புகைப்படம். சுவரில் பென்சிலால் எழுதிய பத்து இலக்க எண் ஒன்று. கைப்பேசி தொலைந்தாலும் அந்த எண் தொலையக் கூடாது. காலை ஐந்தரைக்கு விளக்கு போடுவார்கள். ஆட்கள் குறைவு என்பதால் குளியலை விடியலிலேயே முடித்துவிடுவது வழக்கம். நான்கு மணிக்குப் பாலில்லாத கட்டன்சாயா. ராத்திரிக் கஞ்சியும் பயறும் ஏழு மணிக்கே வந்துவிடும், ஏனென்றால் சமையல்காரர் வீட்டுக்குப் போக வேண்டும். ஏழரைக்குப் படுத்தவருக்கு இரண்டு மணிக்கு விழிப்பு வரும். விடியும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். "தூக்கமில்லை" என்று சொன்னால் தூக்க மாத்திரை வரும். மாத்திரையின் மயக்கத்தோடு எழுந்து கழிவறைக்குப் போகையில் கால் இடறும். இடுப்பெலும்பு முறிவது பல நேரங்களில் இப்படித்தான். தொடக்கத்தில் சொன்ன மூதாட்டியின் மருத்துவமனைப் பயணத்தைப் பின்னோக்கித் தேடிப் போனால் ஏழு மணிக் கஞ்சியில் வந்து நிற்கலாம்.

இதில் கொடுமை செய்தவர் என்று யாரையும் கைகாட்ட முடியாது. சமையல்காரருக்கும் வீடு உண்டு. ஆனால் எப்போது சாப்பிடுவது, எப்போது விளக்கை அணைப்பது, என்ன சேலை உடுத்துவது, யாருக்குப் பக்கத்தில் படுப்பது என்று எழுபது ஆண்டு தானே முடிவு செய்தவரிடமிருந்து அத்தனையும் ஒரே நாளில் போய்விடுகிறது. பிள்ளைகள் வரவில்லை என்பது ஒரு துயரம். தன் அறைக்கு ஒரு தாழ்ப்பாள் இல்லை என்பது இன்னொன்று. முதலாவதைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் இல்லங்கள் நிரம்பிவிடும். பிறந்தநாள், திருமண நாள், தகப்பனாரின் நினைவு நாள் என்று யாராவது ஒரு வேளைச் சாப்பாடு ஏற்றிருப்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் உபயதாரர் வந்து சேரும்வரை இலை போட்டுக் காத்திருக்கச் செய்வதையும், நீரிழிவுக்காரர் தட்டில் பாயசத்தை வைத்து நிழற்படம் எடுப்பதையும், அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் போடுவதையும் நிறுத்தியே ஆக வேண்டும். அந்த முகங்களுக்கு உரியவர்களிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. தான் எங்கே இருக்கிறார் என்று ஊரில் யாருக்கும் தெரிய வேண்டாம் என நினைத்து வந்தவரும் அவர்களில் இருக்கலாம்.

தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே உண்டு. திருவனந்தபுரம் பாதி தமிழ் நகரம். கரமனையிலும் கோட்டைக்குள்ளும் தமிழ் அக்ரகாரங்கள், சாலைக் கடைத்தெருவில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வணிகர்கள். 1956 நவம்பர் 1 வரை நாகர்கோவிலும் திருவனந்தபுரத்தோடு ஒரே மாநிலத்தில்தான் இருந்தது. பல ஆண்டு மலையாளத்தில் அலுவலகம் நடத்திய தமிழருக்கு மறதி நோய் வந்தால் பிற்பாடு கற்ற மொழி முதலில் நழுவக்கூடும், குழந்தைப் பருவத்தில் கேட்ட மொழி கடைசிவரை எஞ்சக்கூடும். திடீரென்று அவர் தமிழ் மட்டும் பேசத் தொடங்கலாம். திருவனந்தபுரத்துப் பணிப்பெண்ணுக்கு அது ஓரளவு புரிந்துவிடும் என்பது அவருடைய அதிர்ஷ்டம். மும்பையிலோ டொரண்டோவிலோ ஓர் இல்லத்தில் கிடக்கும் தமிழ்க் கிழவருக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. தண்ணீர் கேட்கிறார் என்பது புரியாமல் 'கத்துகிறார்' என்று குறிப்பேட்டில் எழுதப்படும்.

பணிப்பெண் என்றேன். கேரளத்தில் அவரை 'ஹோம் நர்ஸ்' என்பார்கள். வீட்டிலும் இல்லத்திலும் முதியவரைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் வருபவர். பெயரில் நர்ஸ் இருந்தாலும் பெரும்பாலோர் செவிலியர் படிப்புப் படித்தவர்கள் இல்லை. கணவனை இழந்தோ கடனில் மூழ்கியோ ஊரை விட்டு வந்த பெண்கள். அவர்களுடைய தாய்மாரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. முறையாகப் படித்த செவிலியர்கள் எங்கே? திருவனந்தபுரம் தைக்காட்டில், வெளிநாடு வாழ் மலையாளிகளுக்கான அரசு நிறுவனமான நோர்க்கா ரூட்ஸின் அலுவலகம் இருக்கிறது. 2021 டிசம்பரில் ஜெர்மனியின் கூட்டாட்சி வேலைவாய்ப்பு நிறுவனத்தோடு அது ஒப்பந்தம் செய்துகொண்டு, 'ட்ரிபிள் வின்' திட்டத்தில் செவிலியர்களை ஜெர்மன் கற்றுக்கொடுத்து அனுப்பி வருகிறது. ஜெர்மனியும் முதுமையடைந்த நாடு. 1995இலேயே நீண்டகாலப் பராமரிப்புக்கென்று கட்டாயக் காப்பீட்டைக் கொண்டுவந்ததால் அங்கே அந்தச் செவிலியருக்குக் கௌரவமான சம்பளம் கொடுக்க முடிகிறது. ஜப்பான் 2000இல் அதைச் செய்தது. போகிற பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவள் குடும்பம் நிமிர அதுவே வழி. ஆனால் தைக்காட்டிலிருந்து விமானம் ஏறும் திறமை புலயனார்கோட்டைவரை வந்து சேர நாம் எந்தப் பாதையும் போடவில்லை. எழுபது கடந்த எல்லோருக்கும் 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ஐந்து லட்ச ரூபாய்க் காப்பீடு மருத்துவமனையில் படுத்தால்தான் உதவும். எழுந்து உட்காரக் கை கொடுக்கும் ஆளுக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை. படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு உதவித்தொகை தர வேண்டும் என்று நினைத்த மாநிலம் கேரளம். 'ஆஸ்வாசகிரணம்' என்ற அந்தத் திட்டத்தின் தொகை மாதம் 600 ரூபாய்.

சட்டம் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம், 2007. வருவாய்க் கோட்ட அதிகாரி தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்தால் பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய்வரை வாங்கித் தரலாம். மூத்தவரைக் கைவிட்டால் மூன்று மாதம்வரை சிறை. மாவட்டத்துக்கு ஒன்றாக 150 பேர் தங்கும் இல்லம் வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. இந்தச் சட்டத்தில் நடைமுறையில் அதிகம் பேசப்படுவது 23ஆம் பிரிவு: 'என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யலாம். நிபந்தனை இருந்ததாக நிறுவ வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், முதியவரைக் காப்பதே சட்டத்தின் நோக்கம், அதற்கேற்ப விரித்துப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. தானப்பத்திரம் எழுதும் எந்தத் தாயும் தகப்பனும் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லத் தயங்க வேண்டாம். மகனை நம்பவில்லையா என்று கேட்பார்கள். கேட்கட்டும். முதியோருக்கென்றே ஆணையம் அமைக்க 2025இல் கேரளச் சட்டமன்றம் சட்டம் இயற்றியிருப்பது நல்ல தொடக்கம். முதியோருக்கான மாத உதவித்தொகையும் 1,600 ரூபாயிலிருந்து 2025 நவம்பரில் 2,000 ஆகியிருக்கிறது.

கேரளத்திடமிருந்து நாம் உண்மையாகவே கற்க வேண்டியது வலி நிவாரணத்தில் இருக்கிறது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் எம். ஆர். ராஜகோபாலும் கே. சுரேஷ் குமாரும் சேர்ந்து தொடங்கிய சிறு மருத்துவப் பிரிவு ஒரு மக்கள் இயக்கமாக வளர்ந்தது. ராஜகோபால் 2003இல் திருவனந்தபுரத்தைத் தளமாக வைத்துப் பாலியம் இந்தியா என்ற அமைப்பைத் தொடங்கினார். 2008இல் வலி தணிப்புச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை அறிவித்த முதல் இந்திய மாநிலம் கேரளம். இன்று ஊராட்சிதோறும் ஒரு செவிலியர் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறார். படுக்கைப்புண்ணைக் கழுவுகிறார், சிறுநீர்க் குழாயை மாற்றுகிறார், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார். தேவையென்றால் மருத்துவர் வாய்வழி மார்ஃபின் எழுதிக்கொடுக்கிறார். வீட்டுக்குப் போகும் இந்தச் சேவை ஒவ்வொரு முதியோர் இல்லத்துக்கும் வாரம் தவறாமல் போனால், அங்கே கிடப்பவர்களின் கடைசி மாதங்கள் வேறு மாதிரி இருக்கும்.

இல்லம் என்றாலே இருட்டு என்று நினைப்பதும் தவறு. 2019 டிசம்பர் 28 அன்று திருச்சூர் ராமவர்மபுரம் அரசு முதியோர் இல்லத்தில் ஒரு கல்யாணம் நடந்தது. அறுபதைக் கடந்த இருவர். மணமகளின் முதல் கணவர் சமையல் ஒப்பந்தக்காரர்; மணமகன் அவரிடம் வேலை பார்த்தவர். கணவர் இறந்து இருபது ஆண்டுக்கு மேலான பிறகு, இருவரும் ஒரே இல்லத்தில் வந்து சேர்ந்தார்கள். மெஹந்தி போட்டார்கள், மாலை மாற்றினார்கள், அமைச்சர் வந்து வாழ்த்தினார். கேரளத்து அரசு முதியோர் இல்லம் ஒன்றில் நடந்த முதல் திருமணம் என்று செய்தித்தாள்கள் எழுதின. எனக்கு அந்தச் செய்தியில் பிடித்தது வேறொன்று. அவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள், இல்லம் அதற்கு இடம் கொடுத்தது. பத்தனாபுரம் காந்திபவன் இல்லத்தில் கடைசி ஆண்டுகளைக் கழித்து 2024 அக்டோபர் 9 அன்று இறந்த நடிகர் டி. பி. மாதவனையும் சொல்ல வேண்டும். திருவனந்தபுரத்தில் பிறந்தவர், அறுநூறுக்கு மேற்பட்ட படங்களில் நடித்தவர், மலையாள நடிகர் சங்கத்தின் முதல் பொதுச் செயலாளர். புகழும் தொடர்புகளும் யாருக்கும் இந்த நிலையிலிருந்து காப்புறுதி தருவதில்லை.

இல்லத்தில் இறந்தவரைத் தைக்காட்டுச் சாந்திகவாடம் மயானத்துக்குக் கொண்டுபோகும்போது மறுபடி அதே கேள்வி வருகிறது: கூட யார்? உரிமை கோர ஆளில்லாத உடல் சட்டப்படி மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைக்குப் போகலாம். படிப்புக்கு உடல் கொடுப்பது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் கேட்டுச் சம்மதித்துக் கொடுப்பது வேறு, ஆளில்லை என்பதால் போய்ச் சேர்வது வேறு. தனக்குக் கொள்ளி யார் வைப்பார்கள் என்ற பயம் இல்லவாசிகளிடம் மெல்லிய குரலில் இருந்துகொண்டே இருக்கிறது. வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கியது. இல்லத்தில் சேரும் நாளில் முன்பணம் எவ்வளவு என்று கேட்கும் அக்கறையோடு இவற்றையும் அவரிடமே கேட்டு எழுதி வைக்கலாம்.

தமிழ்நாட்டில் 2011இல் நூற்றுக்கு 10.4 பேர் அறுபது கடந்தவர்கள். 2021 மதிப்பீடு 13.6. 2031க்கான கணிப்பு 18.2. பிள்ளைப்பேற்றில் நாம் கேரளத்தைவிடவும் கீழே போய்விட்டோம். கேரளம் இன்று நிற்கும் இடத்துக்கு நாம் வந்து சேரப் பத்து ஆண்டுகூட இல்லை. ஊராட்சிதோறும் பையோடு நடக்கும் செவிலியரை அவர்கள் பதினைந்து ஆண்டு முன்பே தயார் செய்யத் தொடங்கினார்கள்.

உங்கள் சொந்தத்தில் யாராவது ஓர் இல்லத்தில் இருந்தால், அடுத்த முறை ஞாயிறு பகலில் பழத்தோடு போகாதீர்கள். சாதாரண நாளில், இரவு ஏழு மணிக்குப் போங்கள். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேளுங்கள். அவருடைய கட்டிலில் அரை மணி நேரம் உட்காருங்கள். மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் கூட வந்து தங்குவது யார் என்பதை அவர் முன்னாலேயே பேசி, உங்கள் பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.